சுருட்டுக் குடித்த கிளட்ச் கூடு

எனக்கு வண்டியில் போனால் வாந்தி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பசறையிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ்ஸில், கையில் ஒரு எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் ஏறியதே கிடையாது. அதனால், தலைவர், இந்த ரெங்கம்மா வண்டிப் பைத்தியத்தால் இப்படிச் செய்துவிட்டாள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், முதலில் அதை மறந்துவிடுங்கள்.

நீங்கள் கோயில் கமிட்டித் தலைவராக வந்து, மாடத்திலிருந்த முனிச் சாமியை யார் எடுத்தது என்று முறையாகக் கேட்கிறீர்கள். நானும் முறையாகச் சொல்கிறேன். நடுவில் மட்டும் குறுக்கே பேசாதீர்கள், வீரசிங்கம். எனக்குப் பேச்சு அறுந்துபோகும். அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

லூக்காஸ் எடுத்திருப்பார் என்று ஊர் பேசுகிறது. அது தவறு. ஏன் தவறு என்று விளங்க வேண்டுமானால் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வண்டி உங்களுக்குத் தெரியும். தவளை குந்தியிருக்கிற மாதிரி, கூரை இல்லாமல், பச்சை நிறத்தில், லூக்காஸ் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததே, அதுதான். வெள்ளைக்காரச் சின்ன துரை ஒருவர் அதைப் பெட்டியில் போட்டு இங்கிலாந்திலிருந்து இறக்கினாராம். முழு வண்டி இல்லை. அங்கே ஒரு சின்னக் கம்பெனி ஃபைபரில் செய்த மேல்கூட்டையும் இரும்பு அடிச்சட்டத்தையும் மட்டும்தான் விற்குமாம். மீதியை வாங்குகிறவர் அங்கே இங்கே தேடி, தானே பூட்டிக்கொள்ள வேண்டும். துரை ஊருக்குப் போகும்போது தன் சாரதிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாரதி லூக்காஸின் அப்பா. அப்பா அதில் கோழி அடைத்தார். மகன் காலமெல்லாம் கொஸ்லந்தைப் பக்கம் பஸ் ஓட்டி, ஓய்வு பெற்று, மனைவியையும் அடக்கம் செய்துவிட்டு, ஒரு நாள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அழகர் தோட்டத்து லொறிகளைப் பழுது பார்த்தவர். அவர் போனபோது எனக்கு விட்டுப்போனது ஒரு கொட்டகை நிறையப் பழைய சாமான். அதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன். லூக்காஸ் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். பசறையில் எனக்காக யாரும் தொப்பி கழற்றியது இல்லை. இதை ஒரு தகவலாக மட்டும் சொல்கிறேன்.

"மக மெல்பன்ல இருக்குங்க. வா வான்னு கூப்பிடுறா. இந்த வண்டிய ஒருக்கா பதுளைக்கு ஓட்டிக்கிட்டுப் போய் வந்துட்டேன்னா, அப்பாவோட ஆசைய முடிச்சுட்டு நானும் ஒரேயடியா கெளம்பிடுவேன்" என்றார்.

"ஒரேயடியாவா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. அங்க ரூம்பெல்லாம் கூடப் போட்டு வச்சிருக்கா, ரொஷானி."

நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

அந்த வண்டிக்குச் சாமான் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற வண்டிக்கு உதிரிப்பாகம் என்று ஒன்று இருக்கும். இந்த வண்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. எல்லாம் வேறு வேறு வண்டிகளின் பாகங்கள். எது எந்த வண்டியின் பிள்ளை என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின் விளக்கு ஒரு பழைய லொறியுடையது, அதை நான் சொன்னேன். எஞ்சின் ஃபோர்ட் காருடையது, கியர் பெட்டி மொரிஸ் காருடையது, அதை அவர் சொன்னார். முன் கண்ணாடி ஏதோ ஒரு வேனின் பின் கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு பசறை பஸ் நிலையத்தில் போகிற வருகிற வேன்களுக்கெல்லாம் பின்னால் நின்று அளந்து பார்த்தோம். ஒரு வேன்காரர் எங்களைத் தரகர்கள் என்று நினைத்து விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

கதவுக் கீல்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. எந்த வண்டியிலும் அப்படி ஒரு கீல் இல்லை. கடைசியில், துரை இருந்த பங்களாச் சமையலறையைப் பார்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. அங்கே இறைச்சி வைக்கிற பழைய அலுமாரியில் ஒரு கதவு கயிற்றால் கட்டிக் கிடந்தது.

"துரை இங்கேருந்து கழட்டிட்டாரு" என்றார் லூக்காஸ். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. "ஒரு அலுமாரிய மொடமாக்கி வண்டி செஞ்சிருக்காரு மனுசன்."

"மத்தக் கதவுக் கீலையும் கழட்டிக்கிட்டு வாங்க, ஜோடி சேர்ந்துரும்" என்றேன்.

"களவுங்களே."

"வண்டியே களவுலதான நிக்குது."

நன்றாக யோசித்தால், தலைவர், தனக்கென்று எதுவும் இல்லாத ஒரு பொருளிடமிருந்து யாரும் எதையும் களவெடுக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டிக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃபோர்ட் எஞ்சினும் மொரிஸ் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாது அல்லவா? இரண்டையும் சேர்க்க அந்தக் கம்பெனியே அலுமினியத்தில் ஒரு கூடு வார்த்துக் கொடுத்தது. உள்ளே கிளட்ச் உட்காரும். அது இல்லாமல் வண்டி நகராது. லூக்காஸின் வண்டியில் அது இல்லை. எப்போதோ யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

ஒரு நாள் கடைத் தரையில் சாக்கட்டியால் அதை வரைந்து காட்டினார். மணியைக் கவிழ்த்த மாதிரி, மேலே இரண்டு ஓட்டை, கீழே கிளட்ச் நெம்புகோல் வருகிற ஒரு வாய், ஒரு பக்கம் ஸ்டார்ட்டர் உட்காருகிற வீக்கம்.

"இப்பிடி ஒன்ன எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?" என்றார்.

அவர் அப்போது உட்கார்ந்திருந்த வாங்குப் பலகைக்குப் பக்கத்தில், ஈரச் சாக்கு மூடி, என் தண்ணிக் குடத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தது அதுதான். பங்களாவிலிருந்து அழகர் கொண்டுவந்த குப்பையோடு வந்திருக்க வேண்டும். நான் குடத்தைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன்.

"இல்லீங்களே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். பசறை ரோட்டு வளைவுகள் உங்களுக்குத் தெரியாததா? மனிதருக்கு வலது கண்ணில் புரை. அந்த வண்டிக்குக் கூரை கிடையாது, பிரேக் பழையது. அவர் மகள் மெல்பனில் இருந்துகொண்டு இதெல்லாம் பார்க்க முடியுமா? யாராவது ஒருவர் பொறுப்பாக யோசிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

அதற்காக அவர் தேடலை நான் தடுக்கவில்லை. கூடப் போனேன். பண்டாரவளையில் ஒரு பழைய இரும்புக்காரர், ஹல்துமுல்லையில் ஒரு கராஜ், கொஸ்லந்தையில் மூடிக் கிடந்த ஒரு பட்டறை. எங்கே இருக்காது என்று எனக்குத் தெரியுமாதலால், இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். பொழுதோடு போய்ப் பொழுதோடு திரும்ப வசதியான இடங்களாகப் பார்த்தேன். புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போவோம். ஒவ்வொரு வளைவிலும் எனக்குக் குடல் வாய்க்கு வரும். அவர் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக் கீறிக் கொடுப்பார். ஊரில் எல்லோரும் அவரை லூக்காஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வராது. "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவேன். அது ஒரு பழக்கம்.

பேத்திக்கு மாதா கோயிலில் முதல் நன்மை கொடுக்கிறார்கள், அப்பா கட்டாயம் வர வேண்டும் என்று ரொஷானி டிக்கெட் அனுப்பினாள். அந்த வாரம் பார்த்து, கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு கூடு இருப்பதாக எனக்கு ஒரு செய்தி கிடைத்தது. யார் சொன்னார்கள் என்று இப்போது நினைவில்லை. யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். லூக்காஸ் போகவில்லை. நான் பதுளையில் ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன். போனில் காட்டி வெட்டினார். பிள்ளை சந்தோஷமாகத்தான் சிரித்தது.

கொஸ்லந்தையிலிருந்து வெறும் கையோடு திரும்பும்போது அவர் சொன்னார்: "ஊரெல்லாம் தேடிட்டோம். ஒங்க கொட்டகையத்தான் இன்னும் அடிவரைக்கும் பார்க்கல. நாளைக்கு வந்து ஒரு பக்கத்திலேருந்து கிளறிருவோமா?"

"கிளறிருவோம்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? வீட்டுக்கு வந்ததும் குடத்தை இறக்கினேன். கூட்டை ஒரு சிவப்புத் துணியில் சுற்றி, கொழுந்துச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு, மூடிக் கிடக்கிற தேயிலை அரைக்கிற ஸ்டோர் பக்கம் போனேன். அங்கே ரோதமுனி இருந்த மாடம் காலியாகக் கிடந்தது. ஸ்டோரில் ரோதை மிசின் சுற்றுகிற வரைக்கும் அதைக் காக்கிற சாமி அது. ஸ்டோரை மூடி, மிசினையெல்லாம் பழைய இரும்புக்கு விற்றபோது சூலத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டார்களே, உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெற்று மாடத்துப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை. அதனால் அதற்குள் வைத்தேன். மறைத்து வைக்கத்தான் வைத்தேன். கும்பிட வைக்கவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பெண்கள் குறுக்கு வழியாகப் போயிருக்கிறார்கள். காற்றில் துணி விலகியிருக்கிறது. கருப்பம்மா பார்த்துவிட்டாள். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

என் கொட்டகையில் லூக்காஸும் நானும் சாமான் கிளறிக்கொண்டிருந்தபோது அவள் ஓடி வந்தாள். "ரெங்கக்கா, முனி திரும்பி வந்துட்டாரு. ரெண்டு கண்ணு, ஒரு வாயி. ஒரு பக்கம் கன்னத்துல வெத்தலை அதக்கின மாதிரி வீங்கிக்கிட்டு. யாரும் கொண்டாந்து வைக்கலக்கா, தானா வந்து ஒக்காந்திருக்காரு."

"தானாவா?" என்றேன்.

"வேற யாருக்கா வைப்பா? யாருக்கு அம்புட்டு அக்கறை?"

அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் லூக்காஸ் பக்கத்தில் இருந்தார்.

சாயங்காலத்துக்குள் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டார்கள். நெம்புகோல் வாயில் பற்றவைத்த சுருட்டு ஒன்றைச் செருகினார்கள். கூட்டுக்குள் புகை சுற்றி, கண் ஓட்டை வழியாக வெளியே வந்தது. பார்த்தவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். என்ன இருந்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கொழுந்துக் காலம் முழுவதும் மலையில் யாரையும் குளவி கொட்டவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. நீங்கள் கமிட்டி அமைத்து, தகரக் கூரை போட்டு, தலைவர் ஆனீர்கள். அதற்கும் நான் பொறுப்பில்லை, ஆனால் ஒரு வகையில் நீங்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.

லூக்காஸ் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் தொப்பியைக் கழற்றுவார். ஒரு நாள் மாடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"நான் ஒங்க ஆளு இல்லீங்க, முனி. வெக்கத்த விட்டுக் கேக்குறேன். நான் தேடுற அந்தச் சாமான் மட்டும் என் கண்ணுல பட்டுச்சுன்னா, ஒங்களுக்கு ஒரு சேவல்" என்றார்.

சந்தனத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சாமான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்காகக் கவலைப்பட்டதால்தான் இறங்கவில்லை.

மிச்சம் உங்கள் வேலை. திருவிழாவுக்கு முனியைப் பளபளப்பாக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்கச் சொன்னீர்கள். சந்தனமும் புகையும் போய் அலுமினியம் வெளியே வந்தது. நெற்றியில் கம்பெனி எழுத்து வந்தது. லூக்காஸ் விருந்தாளியாக முன் வரிசையில் இருந்தார். எழுந்து கிட்டே போனார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். அவர் கோபப்படவில்லை. முனியிடம்தான் மெதுவாகச் சொன்னார்: "இம்புட்டு நாளா இங்கயா இருந்தீங்க?"

நீங்கள் கூட்டம் போட்டீர்கள். சாமியைக் கொடுக்க முடியாது என்றார்கள் பாதிப் பேர். அவருடைய சாமான் அவருக்குத்தான் என்றார்கள் மீதிப் பேர். சரி, முனியிடமே கேட்போம், பூக் கட்டிப் பார்ப்போம் என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் லூக்காஸுக்கு, சிவப்பு வந்தால் முனி இருப்பார். எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று என்னைக் கூப்பிட்டுப் பொட்டலம் மடிக்கச் சொன்னீர்கள்.

எனக்குக் கொடுத்த வெள்ளைப் பூ கொஞ்சம் வாடியிருந்தது. வாடின பூவைச் சாமிக்கு முன்னால் வைக்கக் கூடாது. அதனால் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தேன்.

லூக்காஸ் அதையும் ஏற்றுக்கொண்டார். அதுதான் அவருடைய குணம். "முனி இருக்கட்டுங்க. ஒரு நாள் மட்டும் இரவல் தாங்க. பதுளையில முஸ்தாக்குன்னு ஒருத்தரு அலுமினியம் வார்க்குறாரு. மண்ணுல அச்செடுத்து இதே மாதிரி ஒன்னு செஞ்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துர்றேன்" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நல்ல யோசனை, யாருக்கும் நட்டமில்லை. எனக்கு ஒருத்திக்குத்தான் அந்த வளைவுகளின் நினைப்பு.

ஆகவே, முனியை எடுத்தது நான்தான். அவர் எடுக்கப்போகிற நாளுக்கு முன்னாலேயே போய் எடுத்தேன். வைத்தவள் திருப்பி எடுத்தால் அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். சாக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினேன். "சாக்குல என்னம்மா, இந்தக் கனம் கனக்குது?" என்று கண்டக்டர் கேட்டார். "சட்டி" என்றேன். அது பொய்யில்லை. கொஞ்சம் முன்கூட்டியே சொன்ன உண்மை.

முஸ்தாக் அதை முகர்ந்து பார்த்தார். "என்னம்மா இது, சந்தன வாசம் வருது, சுருட்டு வாசமும் வருது?"

"எங்க வீட்டுக்காரரோடது" என்றேன். அவர் உலையை மூட்டினார்.

நல்ல அலுமினியம், சீக்கிரம் உருகியது. காணாமல் போன முனி கோபம் தணிந்து திரும்பி வர வேண்டும் என்று நீங்கள் பரிகாரப் பொங்கல் வைத்தீர்களே, அதற்கு நான் ஒரு பெரிய புதுச் சட்டி அன்பளிப்பாகக் கொடுத்தேன். நீங்கள் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னீர்கள். அந்தப் பொங்கலில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீர்கள். முனி கோயிலை விட்டு எங்கேயும் போகவில்லை, தலைவர். உங்கள் கோயில் சமையல் கட்டில்தான் இருக்கிறார். பிஸ்கட்டை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்?

நான் எதிர்பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். ஊர் லூக்காஸைச் சொல்லும் என்று நான் நினைக்கவில்லை. கருப்பம்மா அவரைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாளாம். "வேதக்காரனுக்கு எங்க சாமி என்னா செய்யும்னு நெனச்சுட்டான்" என்று கடைத்தெருவில் யாரோ அவர் காதில் விழவே பேசியிருக்கிறார்கள். நேற்று என் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார்.

"போதுங்க, ரெங்கம்மா. வண்டிய நீங்களே வச்சுக்கங்க, சாமானாக் கழட்டி வித்துருங்க. மக டிக்கெட் போட்டுட்டா. வெள்ளிக்கெழம ரயிலுக்குப் போறேன்" என்றார்.

வண்டி ஓடாமலேயே போகிறார். வளைவே இல்லாமல், ரயிலில். இதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அதனால்தான் நீங்கள் கேட்டதும் சொல்லிவிட்டேன். ஊரைக் கூட்டி, என் பெயரைச் சொல்லுங்கள். அபராதம் போடுங்கள், கோயிலுக்குள் விடாதீர்கள், எல்லாம் சரி. ஆனால் முதலில் நேரே லூக்காஸ் வீட்டுக்குப் போங்கள். கருப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள். பெட்டியை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தத் துரை கெட்டிக்காரர். கூட்டை ஒன்றுக்கு இரண்டாகத்தான் வரவழைத்திருக்கிறார். இரண்டாவது, அன்றைக்கு நாங்கள் ஏறிப் பார்க்காத என் கொட்டகைப் பரணில், பழைய டயர்களுக்குப் பின்னால், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி புத்தம் புதிதாக இருந்தது. இன்று காலையில்தான் கீழே இறக்கினேன். அவருக்கே கொடுத்துவிடுகிறேன், மனப்பூர்வமாக. ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பு மட்டும் இருக்கிறது. இறக்கியபோது இல்லை. சுத்தியலால் ஒரு தட்டுத்தான் தட்டினேன், மெதுவாக. அலுமினியத்தில் வெடிப்பு ஒட்டுகிற நல்ல ஆள் இந்தப் பக்கம் சுலபத்தில் கிடைக்கமாட்டார், ஊர் ஊராகப் போய்த்தான் தேட வேண்டும். நானும் கூடப் போவேன் என்று சொல்லுங்கள், தலைவர். புரை விழுந்த கண்ணோடு அந்த வளைவுகளில் அவரைத் தனியாக விட முடியுமா?